கடைமடையில் காலநிலை ஆய்வு: கேள்வித்தாளோடு முதல்முறை போகிறவர்களுக்கு

"ஐயா, முன்ன மாதிரி இப்ப மழை பெய்யுதுங்களா?"

ஒரு பல்கலைக்கழகத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம், திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே 60 வீடுகளில் நான் கேட்ட கேள்வி இது. 60 வீட்டிலும் ஒரே பதில்: "எங்கம்மா பெய்யுது!" அந்த வருஷம் ஐப்பசியில் அதே ஊர்த் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பாகக் கேட்டேன்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். எங்களுக்கு 9 மா நிலம், அதாவது 3 ஏக்கர். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நாத்து விடுறப்ப பெய்யல, அறுக்குறப்ப பெஞ்சுது. ரெண்டையும் கூட்டினா வருசத்துக்குச் சரியாத்தான் இருக்கும். மழையக் கேக்காத, தேதியக் கேளு."

14 வருஷமாக அதை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். இப்போது புதிதாக வரும் ஆய்வு மாணவர்களை ஊருக்குள் அழைத்துப் போவதும் என் பொறுப்பு. பஸ்ஸில் அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாம் காவிரி டெல்டாவின் கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் தலைஞாயிறு, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கத்துக்கு. கண்மாய்ப் பாசன ஊருக்குப் போகிறவர்கள் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மொத்த மழையை வைத்து ஆரம்பிக்காதீர்கள்

வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் பருவமழை சராசரிக்கு 19 சதவீதம் குறைந்தாலும் 'இயல்பு', 19 சதவீதம் கூடினாலும் 'இயல்பு'. 2016 மாதிரி வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்த வருஷம் எந்த அட்டவணையிலும் தானாகத் தெரியும், அதற்கு நீங்கள் ஊருக்கு வரவே வேண்டாம். ஊருக்கு வந்தால்தான் தெரிபவை 2021 ஜனவரி மாதிரியானவை. சம்பா, அதாவது மழைக்காலத்து நீண்ட நாள் நெல், முற்றி, அறுக்க மிஷின் சொல்லிவைத்திருந்த நேரத்தில் மழை பிடித்தது. பயிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே நெல் முளைத்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் அறுப்பு நேரத்து மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான பருவமழை அட்டவணையைத் திறந்து பாருங்கள், இந்த இரண்டு மழைக்கும் அதில் இடமே கிடையாது.

இந்தக் கதையில் மழை ஒரு பாதி, ஆறு மறுபாதி. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதி ஒட்டிவைத்திருப்பது இது: 2017 அக்டோபர் 2. 2018 ஜூலை 19. 2019 ஆகஸ்ட் 13. 2020, 2021 இரண்டும் ஜூன் 12. 2022 மே 24. 2024 ஜூலை 28. இந்த ஒரு வரிசையைப் பார்த்தாலே எந்த வருஷம் குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) இருந்திருக்கும், எந்த வருஷம் சம்பா மட்டும் என்று பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி ஊரில். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர சுமார் 3 நாள். அங்கிருந்து ஒரு கடைமடை வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்பதை அந்த வாய்க்காலில் மடை திறப்பவரிடம்தான் கேட்க வேண்டும். "வந்துச்சும்மா, எட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு" என்றார் ஒருவர். அதை அப்படியே எழுதிக்கொண்டு, எட்டிப் பார்த்த தேதியைக் கேட்டேன்.

ஒரு எச்சரிக்கை. மேட்டூர் தாமதமானால் அது முழுக்கக் காலநிலை என்று எழுதிவிடாதீர்கள். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை எப்படி, கர்நாடக அணைகளில் எவ்வளவு நிறுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. மூன்றையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்.

தேதியை வாங்கும் விதம்

பின்னாலிருந்து கேளுங்கள். "எப்ப விதைச்சீங்க?" என்று ஆரம்பித்தால் "ஆவணியில" என்று ஒரு மாதத்தைத் தூக்கிப் போடுவார்கள். "நெல்லு கொள்முதலுக்கு எப்ப போட்டீங்க, காசு எப்ப வந்துச்சு?" என்று கேளுங்கள். காசு வந்த நாள் யாருக்கும் மறக்காது. அங்கிருந்து அறுப்பு, கதிர் தலைகாட்டிய நாள், களை எடுத்த நாள், நடவு, நாற்று விட்டது, கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள் என்று பின்னோக்கி வாருங்கள்.

சொல்கிற தேதியை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். "கார்த்திகை பத்து தேதிக்குள்ள" என்றால் அப்படியே. அங்கேயே நவம்பராக்க வேண்டாம், ராத்திரி காலண்டரை வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஊரில் உட்கார்ந்து மாற்றினால் அரை மாதம் தள்ளிப்போகும். எனக்குப் போயிருக்கிறது.

தேதி ஞாபகமில்லை என்பவர்களுக்குக் கொக்கி வேண்டும். பொங்கல் நல்ல கொக்கி, ஆடிப்பெருக்கு நல்ல கொக்கி, வேளாங்கண்ணி கொடியேற்றம் (ஆகஸ்ட் 29) ரொம்ப நல்ல கொக்கி. தீபாவளி ஒரு மாதத்துக்குள் முன்னே பின்னே ஓடும், அந்த வருஷத்துத் தேதியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நாகூர் கந்தூரியைச் சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். அது பிறைக் கணக்கு, வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். "கந்தூரிக்கு முந்தியே நட்டுட்டோம், இந்த வருசம் கந்தூரி முடிஞ்சுதான் நட்டோம்" என்று ஒரு பெரியவர் சொன்னதை, நடவு தள்ளிப்போகிறது என்று ஒரு மாணவன் அறிக்கையில் ஏற்றிவிட்டான். நடவு அங்கேயேதான் இருந்தது. கந்தூரிதான் நகர்ந்தது.

பழைய வருஷங்களுக்குச் சுனாமி (2004 டிசம்பர் 26), கஜா (2018 நவம்பர் 16) இரண்டும் கல்வெட்டு மாதிரி. "கஜாவுக்கு அன்னைக்குப் பயிரு எவ்ளோ உசரம்?" என்று கேட்டால் முட்டிக்குக் கீழே கையை வைத்துக் காட்டுவார்கள், அதிலிருந்து நடவுத் தேதியைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். கொக்கி கிடைக்காத வருஷத்தை விட்டுவிடுங்கள். வற்புறுத்தினால் உங்கள் மனசு நோகக்கூடாதே என்று ஒரு தேதியைச் சொல்லிவைப்பார்கள். காலியாக விட்ட கட்டம் அதைவிட மேல்.

வாங்கிய தேதியை ரகத்தோடு ஒட்டிப் பாருங்கள். சி.ஆர். 1009 என்றால் 155 முதல் 160 நாள். ஆடிப்பெருக்குக்கு விதைத்து கார்த்திகை கடைசியில் அறுத்தேன் என்றால் 135 நாள்தான் வருகிறது. எங்கோ இடிக்கிறது. "நெசமா 1009-தானாய்யா?" என்று மறுபடி கேட்டால், "மூட்டையில அப்படித்தான் போட்டிருந்துச்சு" என்று இன்னொரு கதை வெளியே வரும். குறுவைக்கு ஆடுதுறை 36, 43, 45 எல்லாம் 105 முதல் 115 நாளுக்குள் முடிகிற ரகங்கள்.

இன்னொன்று. கடைமடையில் பாதிப்பேர் நடுவதே இல்லை. தண்ணீருக்குக் காத்திருக்காமல் புழுதியில் விதைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் படிவத்தில் 'நடவு தேதி' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால் அவர்கள் எல்லோரும் அதில் பூஜ்ஜியம் ஆகிவிடுவார்கள். நடவுக்கும் தெளிப்புக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு அச்சடியுங்கள்.

மா, மூட்டை, சிப்பம்

என் வாழ்க்கையிலேயே பெரிய அசடு வழிந்தது இங்கேதான். ஒரு வருஷம் கடல் தண்ணீர் ஏறிய ஊர் ஒன்றில் விளைச்சல் கேட்டோம். அதற்கு முந்தைய வருஷம் 'மாவுக்கு 14 மூட்டை' என்று எழுதியிருந்த வீடுகளில் இப்போது 'மாவுக்கு 21' என்றார்கள். அப்படியே ஏற்றினேன். பேராசிரியர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணி ஏறுன ஊர்ல விளைச்சல் ஒண்ணரை மடங்கு ஆயிருக்கு, நம்ம எல்லாரும் கடல் தண்ணிதாம்மா பாய்ச்சணும்" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். முந்தைய வருஷம் வியாபாரிக்குப் போட்டவர்கள் 60 கிலோ மூட்டையில் சொன்னார்கள். இந்த வருஷம் அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டவர்கள் 40 கிலோ சிப்பத்தில் சொன்னார்கள். 14-ஐ 60-ஆல் பெருக்கினாலும் 840 கிலோ, 21-ஐ 40-ஆல் பெருக்கினாலும் 840 கிலோ. ஒரு நெல்மணிகூட மாறவில்லை.

அன்றிலிருந்து மூட்டை என்று காதில் விழுந்ததும் "எத்தனை கிலோ மூட்டை?" என்று கேட்பது எனக்குக் கொட்டாவி மாதிரி தானாக வருகிறது. ஈரமா காய்ந்ததா என்பதையும் கேளுங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம், மழை வருஷத்தில் தளர்த்துவார்கள். நிலத்துக்கு 3 மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா. ஹெக்டேர் என்ற சொல்லை ஊருக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு மழைமானி வையுங்கள்

நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வானிலைத் துறை இணையத்தில் தரும் மழைத் தரவு 1901-லிருந்து இருக்கிறது, அருமையான சொத்து. ஆனால் ஒரு கட்டம் கால் டிகிரி, ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அதற்குள் எத்தனை ஊர் என்று எண்ணிப் பாருங்கள். அரிச்சந்திரா நதிக்கு இந்தக் கரையில் கொட்டி அந்தக் கரையில் தூறல்கூட இல்லாத நாளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஆய்வு ஊரில் உங்கள் சொந்த மானி ஒன்று இருக்கட்டும்.

கடையில் வாங்கப் பணமில்லை என்றால் புனலும் கேனும் போதும். வாய் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள புனல் எடுங்கள். அதன் வாய்ப் பரப்பு 201 சதுர சென்டிமீட்டர். ஆக 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளலாம். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதில் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். ஆடு முட்டாத இடம் என்பதும் அதே அளவு முக்கியம். கேன் 5 லிட்டராக இருக்கட்டும். நான் முதல் வருஷம் 2 லிட்டர் பாட்டில் வைத்தேன். அது 100 மில்லிமீட்டருக்கு மேல் தாங்காது. ஒரு கார்த்திகை ராத்திரி நிரம்பி வழிந்து, எந்த ராத்திரிக்காக அதை வைத்தேனோ அந்த ராத்திரியின் கணக்கு எனக்கு இன்றுவரை கிடையாது. நோட்டில் '100-க்கு மேல்' என்று மட்டும் இருக்கிறது.

தினமும் காலை 8.30-க்கு அளக்கச் சொல்லுங்கள். அதுதான் துறையின் நேரம். 14-ஆம் தேதி ராத்திரி பெய்தது 15-ஆம் தேதிக் கணக்கில் ஏறும் என்பதை அளப்பவருக்கும் சொல்லுங்கள், உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். விவசாயி சொன்ன தேதியும் அரசுப் பதிவும் ஒரு நாள் இடிப்பது பெரும்பாலும் இதனால்தான். அளக்கும் வேலையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் நவம்பரில் பெருமழை நாட்களிலெல்லாம் விடுமுறை, பூட்டியிருக்கும். டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் கொடுங்கள். அவர் 4 மணிக்கே எழுந்துவிடுவார், கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "இன்னைக்கு எவ்ளோக்கா?" என்று கேட்டே அவரை அளக்கவைத்துவிடுவார்கள்.

உப்பை நாக்கில் பார்த்தாலும் மீட்டரிலும் பாருங்கள்

கையடக்க மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். போகும் நாள் காலையில் 1.413 என்று எழுதிய திட்டக் கரைசலில் வைத்துச் சரிபாருங்கள். பாசனத் தண்ணீரில் மீட்டருக்கு டெசிசீமன்ஸ் என்ற கணக்கில் 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 3-க்கு மேலே போனால் சிக்கல். மண்ணில் இந்த அளவு 3-ஐத் தாண்டினால் நெல் விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும், அதற்குமேல் ஒவ்வொரு 1 கூடும்போதும் சுமார் 12 சதவீதம்.

ஆனால் ஒரு தடவை பார்த்த எண் எதற்கும் ஆகாது. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். மே மாதம் வாய்க்கால் காய்ந்து, கடல் தண்ணீர் வடிகால் வழியே ஏறி வரும்போது பாருங்கள். நிலத்தடி நீர் அளக்கிறவர்கள் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று போவார்கள். நீங்களும் அதே மாதங்களில் போனால் ஒப்பிட வசதி. கிணற்றில் மட்டம் பார்ப்பதாக இருந்தால் காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பே போங்கள். கிணற்று விளிம்பில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து எப்போதும் அங்கிருந்தே டேப்பை விடுங்கள்.

வடிகாலில் நடக்காமல் அறிக்கை எழுதாதீர்கள்

பயிர் மூழ்கிய வயலைப் பார்த்தால் மழையைத்தான் குற்றம் சொல்லத் தோன்றும். பொறுங்கள். அந்த வயலின் வடிகாலைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரோடு, அது ஆற்றிலோ கடலிலோ சேரும் இடம்வரை நடந்து போங்கள். அரைநாள் ஆகும். நான் போன ஒரு வடிகாலில் 3 கிலோமீட்டருக்கு ஆகாயத்தாமரை, நடுவில் குறுகலான குழாய் போட்ட ஒரு பாதை, கடைசியில் பழுதான ஷட்டர். மேலே பெய்தது அப்படியொன்றும் பேய்மழை இல்லை. டீக்கடை அக்காவின் நோட்டில் அன்றைக்கு 70 மில்லிமீட்டர்தான். வயலில் 6 நாள் தண்ணீர் நின்றது. அதைக் காலநிலை என்ற தலைப்பில் எழுதினால் ஷட்டரைப் பழுதுபார்க்க வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கூடவே வருபவரிடம் "எத்தனை நாள்ல வடிஞ்சுது?" என்று கேளுங்கள். "கடல் வாங்கலைம்மா" என்று பதில் வந்தால் அன்று அமாவாசையா பௌர்ணமியா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும் நாட்களில் முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியே போகாமல் முட்டிக்கொண்டு நிற்கும். நின்ற நாள், பயிரின் வயது, இரண்டும் சேர்ந்தால்தான் சேதம் புரியும். நட்டு 10 நாளான பயிர் மூழ்குவதும் தொண்டைக்கதிரில், அதாவது கதிர் வெளியே வரப்போகும் நேரத்தில், மூழ்குவதும் ஒன்றல்ல.

யாரிடம் கேட்பது, யார் என்று சொல்வது

வண்டியை நிறுத்தினதும் முதலில் வந்து பேசுபவர் பெரும்பாலும் நிலக்காரர், ஆண், நன்றாகப் பேசத் தெரிந்தவர். அவரிடம் பேசுங்கள், ஆனால் அவரோடு நிறுத்தாதீர்கள். நடவுத் தேதியைத் துல்லியமாகச் சொல்வது நடவு நட்ட பெண்கள்தான். எந்த வயலில் எந்தக் கிழமை, கூலி எவ்வளவு, அன்றைக்கு மழை வந்து பாதியில் கரையேறினோமா என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கும். சாயங்காலம் 4 மணிக்கு மேல் போங்கள், காலையில் போனால் ஆள் இருக்காது. பருவம் தள்ளிப்போனால் அவர்களுக்கு எத்தனை நாள் வேலை போனது என்ற கணக்கு எந்த விளைச்சல் அட்டவணையிலும் வராது.

குத்தகைக்காரரைத் தேடிப் பிடியுங்கள். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம் என்று இங்கே ஏகப்பட்டது. அடங்கல் (கிராமத்துப் பயிர்ப் பதிவேடு) அவர் பெயரில் இல்லையென்றால் பயிர்க் காப்பீடு, நிவாரணம் எல்லாவற்றிலும் அவர் தட்டுத்தடுமாறிக்கொண்டிருப்பார். அதை எழுதாத ஆய்வு அரை ஆய்வு.

நீங்கள் யார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நோட்டும் பேனாவுமாக வந்தால் இன்சூரன்ஸ் ஆள் அல்லது தாலுகா ஆபீஸ் என்றுதான் நினைப்பார்கள். "நான் யூனிவர்சிடியிலேர்ந்து வர்றேங்க, நிவாரணத்துக்கு எழுத வரல, அதுல எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது" என்று நான் சொல்வேன். சிலர் எழுந்து போய்விடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்களின் சேதக் கணக்கை நம்பலாம்.

திரும்பப் போகும்போது

முதல் திட்டம் முடிந்து 2 வருஷம் கழித்து வேறொரு திட்டத்துக்காக அதே ஊருக்குப் போனேன். திண்ணையிலிருந்த பெரியம்மா, "முன்ன வந்து எழுதிட்டுப் போனியே ஆயி, அது என்னாச்சு?" என்றார். அறிக்கை ஆங்கிலத்தில் ஒரு அலமாரியில் இருந்தது. என்னிடம் பதில் இல்லை.

இப்போது அடுத்த விதைப்புக்கு முன்னால், ஆனி மாதத்துக்குள், ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு போகிறேன். மேலே தமிழ் மாதங்கள், இடது பக்கம் வருஷங்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கோடு: தண்ணீர் வந்தது நீலப் புள்ளி, நடவு பச்சை, அறுப்பு மஞ்சள், கெடுத்த மழை சிவப்பு. டீக்கடைச் சுவரில் ஒட்டினால் படிக்கத் தெரியாதவர்களும் விரலை வைத்துப் பார்ப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் எந்த வருஷத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவர்களே காட்டுவார்கள். போன தடவை ஒட்டிய 10 நிமிஷத்தில் ஒருவர், "2019-ல பச்ச இங்க இல்லம்மா, ரெண்டு விரக்கட தள்ளி" என்றார். பக்கத்திலிருந்தவர் இல்லை என்றார். அரைமணி நேரம் சண்டை. எனக்கு 3 தேதி திருத்தம் கிடைத்தது.

அதனால் அந்தத் தாளைப் பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள், பேனா எழுதாது. சாதாரணத் தாளில் வலது ஓரம் நாலு விரல் காலியாக விட்டு அச்சடித்து, கூடவே நூலில் கட்டி ஒரு பேனாவையும் தொங்கவிட்டு வாருங்கள்.